ஆறும் பேரேடும்

1

நான் வேலை பார்க்கும் வங்கியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதில்தான் ‘நீடித்த நிலைத்தன்மை’ என்ற சொற்சேர்க்கையை முதலில் பார்த்தேன். நீடிப்பதுதான் நிலைப்பது, நிலைப்பது நீடிக்கத்தான் செய்யும். ஒரே அர்த்தத்தை இரண்டு தடவை அடுக்கவேண்டிய அவசியம் எப்போது வருகிறது என்றால், சொல்லுகிறவனுக்கு இரண்டு சொல்லில் எதன்மேலும் நம்பிக்கை இல்லாதபோது. மோசமான கவிதையில் அடைமொழிகள் பெருகுவதும் இதே காரணத்தால்தான்.

இதைப்பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது இப்பத்திரிகையோடு சம்பந்தமுள்ள நண்பர் ஒருவர், “அது பொருளாதாரக்காரர்கள் பாடு, உமக்கு எதற்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரைகளுக்கு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு ஸ்தாபனம் ‘நான் மாறிவிட்டேன்’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கும் அதன் செயலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி, விமர்சகன் அன்றாடம் புழங்கும் இடம் என்று எனக்குப் படுகிறது. சொல்லுக்குப் பின்னால் அனுபவம் இருக்கிறதா, அல்லது சொல் தானாகவே நின்று கொண்டிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதுதானே நம் தொழில். பகலில் எட்டு மணி நேரம் அந்தத் தொழிலைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது சில வருஷங்களுக்கு முன் எனக்கு உறைத்தது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை. அதற்கு முன் நொய்யலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

2

நொய்யல் பெரிய ஆறு அல்ல. வெள்ளியங்கிரி மலைகளில் பிறந்து, பேரூர்க் கோயிலைத் தொட்டு, கோவையின் குளங்களை நிரப்பி, திருப்பூரைக் குறுக்கே கடந்து, ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக நொய்யல் என்ற தன் பெயர் கொண்ட ஊரிலேயே காவிரியில் சேருகிறது. மொத்தம் 180 கிலோமீட்டர் வரும். மழைக்காலத்தில்தான் ஓடும் என்றாலும், அதன் கரையில் மனிதர்கள் ரொம்ப காலமாகச் சரக்கு செய்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். சென்னிமலைக்கு மேற்கே, ஆற்றின் வடகரையில் உள்ள கொடுமணலில் மணிக்கற்களைப் பட்டை தீட்டிய பட்டறைகளும் இரும்பு உலைகளும் அகழ்வாய்வில் கிடைத்திருக்கின்றன. ஏற்றுமதி இந்தப் பக்கத்துக்குப் புதிய விஷயமில்லை.

புதிய விஷயம் உப்பு. திருப்பூர் பனியன் எண்பதுகளிலிருந்து வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியதும் வெள்ளைத் துணி போதவில்லை, வர்ணம் வேண்டியிருந்தது. பருத்தி நூலும் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தள்ளும் சுபாவமுள்ளவை; இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம். உப்பைக் கொட்டினால்தான் அந்தத் தள்ளல் அடங்கிச் சாயம் நூலில் ஏறும். ஏறியபின் உப்புக்குத் துணியில் வேலை இல்லை. போட்டதெல்லாம் அலசிய தண்ணீரோடு வெளியே வந்துவிடும். ஒவ்வொரு சாயப்பட்டறையிலும் மூட்டை மூட்டையாக இறங்கிய உப்பு இப்படி ஆற்றுக்குப் போயிற்று.

1992-இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். பாசனத்துக்காகக் கட்டியது. அது சாயத்தண்ணீரைத் தேக்கிவைக்கும் தொட்டியாயிற்று. என் மாமனுடைய தோட்டம் அணைக்குக் கீழே. சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவுக்கு அங்கேதான் போவேன். கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. இளநீர் கரிக்கும். இளநீர் கரிப்பதைச் சொன்னால் கோவையில் என் வகுப்புப் பையன்கள் நம்பமாட்டார்கள். மாமன் தென்னையை வெட்டிவிட்டுக் கொஞ்ச நாள் சோளம் போட்டுப் பார்த்தார். பிறகு அதையும் விட்டார். “அணை கட்டுங்கன்னு மனுக் குடுத்தது நாங்கதான். கட்டுனதுக்கப்பறம், தொறக்காதீங்கன்னு மனுக் குடுத்ததும் நாங்கதான் மாப்ள,” என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பை நான் எந்தப் புதுக்கவிதையிலும் பார்த்ததில்லை.

மாமனின் மூத்த மகன், எனக்கு மச்சான், திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலைக்குப் போனான். தோட்டத்தைக் கெடுத்தது எதுவோ அதுவே சோறு போட்டது. இதை முரண் என்று சொன்னால் இலக்கியமாகிவிடும். அந்த வீட்டில் அது வாரக் கூலி. திருப்பூரைப் பற்றி எழுதும் பலர் முதலாளி, விவசாயி என்று இரண்டு அணி பிரித்து எழுதுகிறார்கள். அப்படிப் பிரிந்திருக்கவில்லை. விவசாயத்திலிருந்து தொழிலாளியாகி, தொழிலாளியிலிருந்து முதலாளியானவர்கள் அந்த ஊரில் அதிகம் என்பதை ‘ஃப்ரடெர்னல் கேப்பிடல்’ என்ற தம் புத்தகத்தில் (2004) சரத் சாரி விஸ்தாரமாகக் காட்டியிருக்கிறார். பட்டறை வைத்தவனும் தோட்டம் கெட்டவனும் பல இடங்களில் பங்காளிகள். ஒரே கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டவர்கள்.

3

இனி ஸ்தாபனங்கள் எப்படி நடந்துகொண்டன என்பது. ‘மாட்டேன்’ என்று ஒருவரும் சொல்லவில்லை. கோட்பாட்டளவில் எதிர்ப்பு என்பதே கிடையாது. ஆறு கெடக்கூடாது என்பதில் எல்லோரும் ஏகமனது. அவகாசம்தான் கேட்டார்கள். அவகாசத்துக்கு நடுவில் ஏதாவது கட்டினார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு, பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தன. கோடிக்கணக்கில் செலவு. அவை என்ன செய்தன என்பதை நிதானமாகப் பார்க்கவேண்டும். அந்த நிலையங்கள் தண்ணீரிலிருந்து நிறத்தையும் அழுக்கையும் கணிசமாக எடுத்தன. கரைந்திருக்கும் உப்பை எடுக்கும் சக்தி அவற்றுக்கு இல்லை. ஆக, கண்ணுக்குத் தெரிகிற குற்றம் குறைந்தது. தெரியாத குற்றம் அப்படியே ஆற்றில் போயிற்று. பாலத்தின்மேல் நின்று பார்க்கிறவனுக்குத் திருப்தி, கிணற்றில் வாளி விடுகிறவனுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

1977-இல் ஜான் மேயர், பிரையன் ரோவன் என்ற இரண்டு அமெரிக்க சமூகவியலாளர்கள் ஸ்தாபனங்களின் அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு ஸ்தாபனம் தன் வேலை நன்றாக நடப்பதற்காக மட்டும் தன் அமைப்பை வைத்துக்கொள்வதில்லை. சமூகம் எதை எதிர்பார்க்கிறதோ அதைத் தன்னிடம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் பிரிவுகளையும் விதிகளையும் உண்டாக்கிக்கொள்கிறது. உள்ளே வேலை தன் பாட்டுக்கு வேறு விதமாக நடக்கும் என்பது அவர்கள் வாதம். இதற்கு அவர்கள் இட்ட பெயர் புராணமும் சடங்கும் என்பது. நமக்குச் சடங்கைப் பற்றி அமெரிக்கர்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு நுட்பம் அதில் உண்டு. சடங்கு செய்கிறவன் பொய் சொல்லுகிறான் என்று அவர்கள் கருதவில்லை. அவன் நம்புகிறான். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பூமிபூஜை போட்ட பட்டறைக்காரர், தான் ஆற்றுக்கு நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார்.

இதைச் சடங்கு என்று ஏற்க மறுத்தவர்கள் ஆற்றின் கீழ்ப்பகுதிக்காரர்கள். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2006 டிசம்பரில் வந்த உத்தரவு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலைக்குப் பட்டறைகள் வந்தாக வேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம்: 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை. பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபர் 6-ஆம் தேதி அங்கும் அவர்கள் தோற்றார்கள். கெடுத்தவன்தான் கொடுக்கவேண்டும் என்ற கொள்கை உறுதியாயிற்று. மறுபடியும் அவகாசம். மறுபடியும் கழிவுநீர். 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்டவை. மின் இணைப்பைத் துண்டித்தார்கள்.

4

நான் அப்போது பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். எலியட்டின் தரிசு நிலத்துக்கு மார்க்கு வாங்குகிற மாதிரி விளக்கம் எழுதப் பழகிக்கொண்டிருந்த வருஷம். மச்சான் வேலை போய் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினான். கை விரல்களில் நகத்தைச் சுற்றி நீலம் இருக்கும். அது ஒரு மாதத்துக்குமேல் போகவில்லை. “ஆறு நல்லாவட்டும், நாங்க என்ன பண்றது?” என்று அம்மாவிடம் கேட்டான். அம்மாவுக்குத் தன் அண்ணனின் தோட்டமும் தெரியும், இவனும் தெரியும். பதில் சொல்லாமல் இன்னும் இரண்டு தோசை வைத்தாள்.

மூடியதால் சாயம் போடுவது நின்றுவிடவில்லை. வேறு மாவட்டங்களுக்கும் வேறு மாநிலங்களுக்கும் துணி போய்ச் சாயம் ஏறி வந்தது. அங்கங்கே அந்தந்த ஊர் ஆற்றின் கணக்கில். பிறகு மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. புதிய முறைகள் வந்தன. சவ்வு வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிப்பது, மிஞ்சிய உப்புக் கரைசலைத் திரும்பச் சாயத்துக்கே உபயோகிப்பது, அதற்கும் மிஞ்சியதைக் காய்ச்சி உப்பாக எடுப்பது. தண்ணீரின் பெரும்பகுதி மறுபடி பட்டறைக்கே வருகிறது. பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. மச்சானும் திரும்பிப் போனான்.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. முடியவே முடியாது, உலகத்தில் எங்கும் இல்லை, தொழிலே அழிந்துவிடும் என்று சொல்லப்பட்ட அதே காரியம் இன்று அந்த ஊரின் விளம்பரம். வெளிநாட்டுப் பையர்களுக்குக் காட்டும் படங்களில் சுத்திகரிப்பு நிலையம்தான் முதலில் வருகிறது. இதைக் கேலி செய்வது எளிது. எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. ஸ்தாபனத்துக்கு மனம் மாறிய பிறகு பழக்கம் மாறுவதில்லை. பழக்கத்தை வெளியிலிருந்து மாற்றிய பிறகுதான் அது தன் மனம் எப்போதோ மாறிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறது. நம் வீடுகளில் கலப்பு மணம் செய்துகொண்ட பிள்ளையைப் பத்து வருஷம் கழித்து ஏற்றுக்கொள்கிற பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறவர்களுக்கு இது புரியும்.

மாறுவதற்குக் காரணம் என்ன? ஆறு பேரேட்டில் ஏறியது என்பதுதான் என் பதில். வங்கிக்காரனாகச் சொல்கிறேன். பட்டறைக் கணக்கில் சாயத்துக்குப் பத்து உண்டு, உப்புக்கு உண்டு, கரண்டுக்கு உண்டு, கூலிக்கு உண்டு. ஆற்றுக்கு இல்லை. ஆற்றை உபயோகித்தார்கள், அதற்கு வரி எழுத இடமில்லை. திருப்பூருக்கு பவானிப் பக்கத்திலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவந்து விற்றபோது, அந்தத் தண்ணீருக்குப் பேரேட்டில் இடம் கிடைத்தது, ஏனென்றால் அதற்கு பில் வந்தது. சொந்த ஆற்றுக்கு பில் அனுப்ப ஆள் இல்லை. லிட்டருக்கு 6 பைசா என்று நீதிமன்றம் எழுதிய அன்று முதல் தடவையாக நொய்யலுக்கு பில் வந்தது. காது கேட்காத ஸ்தாபனம் அந்த ஒரு பாஷையைக் கேட்டது.

ஆனால் பேரேட்டுக்குத் தன் குணம் உண்டு. எழுதப்பட்டது மட்டும்தான் அதில் இருக்கும். ஆற்றுக்கு உப்பு போகவில்லை, சரி. பிரித்தெடுத்த கலப்பு உப்பு கொட்டகைகளில் மூட்டையாக அடுக்கியிருக்கிறது, அதற்குப் போக்கிடம் சொல்லத் திணறுகிறார்கள். காய்ச்சுவதற்கு எரியும் விறகும் நிலக்கரியும் வேறு கணக்கு. நஷ்ட ஈட்டையும் பாருங்கள். சூழல் இழப்பு ஆணையம் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தேன், தொழில் தோஷம். தலைக்கு ஒன்பதாயிரம்கூட வரவில்லை. அதுவும் நிலம் உள்ளவனுக்கு. மாமன் தோட்டத்தில் களை வெட்டவும் தேங்காய் உரிக்கவும் வந்தவர்களுக்குத் தோட்டம் போனதோடு வேலையும் போயிற்று. அவர்களுக்குப் பட்டா இல்லை. ஆகவே நஷ்டமும் இல்லை.

5

இப்போது என் விஷயம்.

வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில் திருப்பூரில் ஒரு கிளைக்கு மாற்றல் வந்தது. கடன் பிரிவில் எழுத்தர். கடன் கொடுப்பது நான் அல்ல. ஃபைலைக் கட்டி, காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு பட்டியலில் டிக் போட்டு அதிகாரியிடம் வைப்பது என் வேலை. பட்டியலில் பதினேழோ பதினெட்டோ வரிகள். நில ஆவணம், ஜி.எஸ்.டி., இன்ஷூரன்ஸ் என்று போய்க் கடைசிக்கு முந்தைய வரி: மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி. ‘கன்சென்ட்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு ஜெராக்ஸ் இருந்தால் டிக்.

ஒரு சாயப்பட்டறையின் ஃபைலில் இருந்த கன்சென்ட் காலாவதியாகி நாலு மாதம் ஆகியிருந்தது. அதிகாரியிடம் காட்டினேன். “ரினீவலுக்குப் போட்டிருக்காங்க, லெட்டர் இருக்குது பாருங்க,” என்றார். இருந்தது. டிக் போட்டேன். கடன் போயிற்று. ஐப்பசியில் நல்ல மழை. ஒரு நாள் காலை வளர்மதி பாலத்தில் பஸ் நின்றபோது கீழே செம்மண் தண்ணீருக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு பட்டை ஓடிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீரோடு திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று சிலர் செய்வதுண்டு, ஊரறிந்த ரகசியம். பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊதா அந்தப் பட்டறையுடையதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தப் பட்டியலின் கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது என் டிக். என் மாமனின் கிணற்றுக்குப் போகிற தண்ணீர் அது.

என்னை உறுத்தியது குற்ற உணர்ச்சி என்று சொன்னால் கொஞ்சம் அதிகம். நான் வெட்கப்பட்டது வாசகன் என்ற முறையில். ஒரு காகிதத்தை என் கண்ணால் வாசித்து, அதில் எழுதியிருப்பதற்கு எதிரான அர்த்தத்தை என் கையால் பதிவு செய்தேன். ஒரு கவிதைக்கு இப்படி நடந்துகொண்டவனை இதே பத்திரிகையில் நான் கிழித்திருக்கிறேன்.

அடுத்த தடவை அப்படி ஒரு ஃபைல் வந்தபோது டிக் போடாமல், ‘அனுமதி காலாவதி, புதுப்பித்த நகல் வேண்டும்’ என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். ஒருவரும் கோபிக்கவில்லை. ஒரு மாதத்தில் என்னைக் கேஷ் கவுண்டருக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிற்பாடு தெரிந்தது, அந்தப் பட்டறைக்காரர் ஓடியாடிக் கன்சென்ட்டைப் புதுப்பித்துக் கொண்டுவந்து கொடுத்துத்தான் கடன் வாங்கினார் என்று. ஆக, அந்தக் குறிப்பு எழுதியவன் கேஷுக்குப் போனான். எழுதிய குறிப்பு ஃபைலில் வேலை செய்தது. இதில் எனக்கு வருத்தமா திருப்தியா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. சுற்றறிக்கை வந்தது இதற்கெல்லாம் பிறகு. 2023-இல் ரிசர்வ் வங்கி பசுமை வைப்புகளுக்கு விதிமுறை கொண்டுவந்தது. எங்கள் கிளைச் சுவரில் ஒரு செடியின் படம் ஒட்டினார்கள்.

6

ஆற்றுக்காவது பில் அனுப்ப ஆள் கிடைத்தது. மனிதர்களுக்கு? கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி ஏழைப் பெண்களைச் சேர்த்தார்கள். சுமங்கலி என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தவனின் மொழியறிவை மெச்சவேண்டும். 2011-இல் இரண்டு டச்சு அமைப்புகள் அதைப்பற்றி அறிக்கை வெளியிட்டபின் பையர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். ஆடிட் என்றால் எப்படி என்று எனக்குத் தெரிந்த ஒரு பெண் சொன்னாள்: முதல் நாளே புது டம்ளர் வரும், முதலுதவிப் பெட்டியில் பஞ்சு வரும், கேள்விக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று சூப்பர்வைசர் ஒப்பிக்கச் சொல்லுவார். இதெல்லாம் நம்மூர்க் குணம் என்று நினைக்கவேண்டாம். கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் 2012 ஆகஸ்டில் கிடைத்தது. செப்டம்பர் 11-ஆம் தேதி அங்கே தீப்பிடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஜன்னல்களில் கம்பி. சான்றிதழ் தந்தவர்களும் ஒரு பட்டியலில் டிக் போட்டவர்கள்தான்.

நொய்யல் வழக்கில் பட்டியலை நம்பாதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பட்டா இருந்தது, சங்கம் இருந்தது, வக்கீல் இருந்தார், எட்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைய பஸ் சார்ஜ் இருந்தது. சாதியும் எதிரே நின்றவர்களுடையதற்குக் குறைந்ததல்ல. விடுதியிலிருக்கும் பெண்ணுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஸ்தாபனம் எதை ஏற்கிறது, எதை எதிர்க்கிறது என்ற கேள்வி கடைசியில், வெளியே நின்று விடாமல் கதவைத் தட்ட யாருக்கு வசதியிருக்கிறது என்ற கேள்வியாக முடிகிறது. எனக்கு இது சந்தோஷமான முடிவல்ல.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1971-இல் கோவையிலிருந்து வானம்பாடி கிளம்பிச் சமூகம், சமூகம் என்று உரக்கச் சொல்லிற்று. அந்தச் சத்தத்தைப் பிடிக்காத நாம் அகத்துக்குள் போய் உட்கார்ந்தோம். இரண்டு பேரும் விமர்சனத்துக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தோம். அவர்களுடையதில் ‘சமூகப் பிரக்ஞை: உண்டு’, நம்முடையதில் ‘மொழிச் செட்டு: உண்டு’. ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே ‘நாகம்மாள்’ எழுதி, இந்தப் பக்கத்து நிலத்தைப் பற்றி எப்படிப் பேசலாம் என்று காட்டியிருந்தார். சாயத்தண்ணீர் பற்றிச் சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ எழுதினார். எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’யில் திருப்பூரின் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவற்றில் எதைப்பற்றியாவது நாம் கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறோமா என்றால் இல்லை. நாவல் வந்தது, மதிப்புரை வந்தது, டிக். எழுத்தைப் படிக்கும்போதும் காகிதத்தைப் படிக்கும்போதும் நம்மை வேலை செய்யவிடாமல் தடுக்கிற பழக்கம் ஒன்றேதான் என்று நினைக்கிறேன். படித்துவிட்டேன் என்பதற்கான அடையாளத்தை இட்டபிறகு, படித்ததால் வந்த கடமை தீர்ந்துவிடுகிறது.

போன தை மாதம் மாமனைப் பார்க்கப் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார். அணைக்குப் போனோம். மதகுகள் திறந்து கிடந்தன, உள்ளே சீமைக்கருவேலம். தோட்டத்துக்குத் திரும்பியதும் சாளையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்துவந்தார். தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது. ஈரோட்டில் வாங்கியதாம். கிணற்றிலிருந்து ஒரு சொம்பு மொண்டு அதில் முக்கிவிட்டு, “கண்ணு மங்கலாத் தெரியுது, நீ பாத்துச் சொல்லு மாப்ள,” என்றார். எண்ணைச் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை விரித்தார். பக்கம் பக்கமாகத் தேதி, கிணறு, ஆறு, எண். பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். எங்கள் வங்கியின் எந்தப் பேரேடும் இவ்வளவு சுத்தமாக இல்லை.

“இது யாருக்குங்க மாமா?” என்று கேட்டேன்.

“கேட்டா குடுக்கோணுமல்ல,” என்றார்.

இதுவரை யாரும் கேட்கவில்லை. நான் சொன்ன எண் சரிதானா என்று இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பிறகுதான் எழுதினார்.